கம்பியில்லா வலையமைப்பின் தலைமைச் சாவி யார் கையில்?

2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 25 ஆம் திகதி மாலை பிரித்தானியாவின் பிரதான ரயில் நிலையங்களில் இலவச வை-பை இணைப்பைப் பெற முயன்ற பயணிகள், வழக்கமான வரவேற்புப் பக்கத்துக்குப் பதிலாக வேறொன்றையே தமது கைத்தொலைபேசிகளில் கண்டனர். ஐரோப்பாவில் இடம்பெற்ற பயங்கரவாதத் தாக்குதல்களைப் பட்டியலிட்டு, இஸ்லாத்துக்கு எதிரான வெறுப்பைக் கக்கும் செய்தியொன்று அங்கே இடம்பெற்றிருந்தது. லண்டன் யூஸ்டன், மன்செஸ்டர் பிக்கடிலி, பேர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட், கிளாஸ்கோ சென்ட்ரல், எடின்பரோ வேவர்லி உட்பட 19 நிலையங்களில் இந்நிலை காணப்பட்டது. சேவை உடனடியாக இடைநிறுத்தப்பட்டது. மறுநாளே ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்த வை-பை சேவையின் ஒரு பகுதியை வழங்கி வந்த நிறுவனத்தின் ஊழியரே அவர் என்று பிரித்தானியப் போக்குவரத்துப் பொலிஸார் அறிவித்தனர்.

இச்சம்பவத்தில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விடயமொன்று உண்டு. வெளியிலிருந்து எவரும் மதிலைத் தகர்த்துக்கொண்டு உள்ளே வந்ததாகத் தெரிவிக்கப்படவில்லை. வலையமைப்பைப் பராமரித்து வந்த நிறுவனம் அளித்த விளக்கத்தின்படி, முறையான நிர்வாகிக் கணக்கொன்றின் ஊடாகவே அந்தப் பக்கம் அனுமதியின்றி மாற்றப்பட்டிருந்தது. பயணிகளின் தனிப்பட்ட தரவுகள் எவையும் களவாடப்பட்டதாகவும் கூறப்படவில்லை. ஆயினும் பறிபோனது சிறியதொன்றல்ல. பொது நிறுவனமொன்றின் பெயரில், அதன் இலச்சினை தோன்ற வேண்டிய இடத்தில், ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் வாசகம் ஒரே வேளையில் ஒரு நாடு முழுவதும் தோன்றியது. 2018 மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, வெறுப்புச் செய்திகள் பரவுவதைத் தடுக்கவென அரசாங்கம் சமூக ஊடகங்களையே முடக்க நேர்ந்ததை மறந்துவிடாத எமது வாசகர்களுக்கு, இத்தகைய வாசகமொன்று எத்தகைய விளைவுகளைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

வை-பை பாதுகாப்பு என்றதும் பெரும்பாலானோரின் நினைவுக்கு வருவது, இணைப்பைப் பெறுவதற்காக வழங்கப்படும் கடவுச்சொல்தான். அதனை அறிந்தவர் இணையத்தைப் பயன்படுத்தலாம், அவ்வளவே. அந்த வலையமைப்பு எவ்வாறு இயங்க வேண்டும், யார் அதனுள் வரலாம், வருபவருக்கு எந்தப் பக்கம் காட்டப்பட வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் வேறோரிடத்தில் இருக்கின்றது. அதுவே கம்பியில்லா வலையமைப்பின் கட்டுப்பாட்டுக் கருவி. அக்கருவிக்குள் நிர்வாகியாக நுழையும் உரிமையே தலைமைச் சாவியாகும். அந்தச் சாவியை எவ்வாறு அமைப்பது, எவ்வாறு காப்பது என்பதைப் பற்றியே இங்கு நாம் ஆராய விரும்புகின்றோம். இது பொறியியலாளர்களுக்கு மட்டும் உரிய விடயமெனக் கருதி நிறுவனத் தலைவர்கள் ஒதுங்கிவிடுவதே பல தொல்லைகளுக்குக் காரணமாக இருப்பதால், இயன்றவரை எளிமையாகவே விளக்க முயல்கின்றோம்.

வைத்தியசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஹோட்டல்களிலும் கூரையிலோ சுவரிலோ பொருத்தப்பட்டிருக்கும் வெண்ணிறப் பெட்டிகளைப் பலர் கண்டிருப்பர். அவை அணுகுபுள்ளிகள் எனப்படுகின்றன. எமது கைத்தொலைபேசியுடனும் மடிக்கணினியுடனும் வானலை வழியாகப் பேசுபவை அவையே. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே அமைக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டடத்தில் 10 பெட்டிகள் இருந்தவரை இது இயலுமான காரியமாக இருந்தது. நூற்றுக்கணக்கில் பெருகியபோது, கடவுச்சொல்லொன்றை மாற்றுவதற்கும் நாட்கணக்கில் அலைய வேண்டியதாயிற்று. ஆகவே பெட்டிகளின் அறிவை ஓரிடத்துக்கு இடம்மாற்றி, அங்கிருந்தே அனைத்தையும் ஆளும் முறை 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் உருவெடுத்தது. இத்துறையில் முன்னோடியாக விளங்கிய எயார்ஸ்பேஸ் நிறுவனத்தைச் சுமார் 45 கோடி டொலருக்கு வாங்குவதாக 2005 ஆம் ஆண்டில் சிஸ்கோ அறிவித்தது. கட்டுப்பாட்டுக் கருவியும் அணுகுபுள்ளிகளும் தமக்கிடையே பேசிக்கொள்ளும் பொது மொழி, கெப்வெப் என்ற பெயரில் 2009 இல் வெளியிடப்பட்டது.

இம்முறையின் ஆற்றல் வியக்கத்தக்கது. சிஸ்கோவின் கெட்டலிஸ்ட் 9800 வரிசையில் பெரிய கருவியொன்று 6,000 அணுகுபுள்ளிகளையும் 64,000 பயனாளர்களையும் தாங்க வல்லது. ஒரு நகரத்தின் வை-பை முழுவதையும் ஒரு மேசையில் இருந்தவாறே மாற்றியமைக்கலாம் என்பதே இதன் பொருள். நன்மை செய்ய முனைபவருக்கு இது எவ்வளவு வசதியோ, தீங்கிழைக்க முனைபவருக்கும் அவ்வளவு வசதியே. நிர்வாகியாக நுழைந்த ஒருவரால் உண்மையான வலையமைப்பின் பெயரிலேயே போலியானதொன்றை ஒலிபரப்ப முடியும். பயனாளர்களைத் தவறான தளங்களுக்குத் திசைதிருப்ப முடியும். வைத்தியசாலையொன்றின் கருவிகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் துண்டிக்கவும் முடியும். அதிகாரம் ஓரிடத்தில் குவியும்போது காவலும் அதற்கேற்ப அங்கே குவிய வேண்டுமல்லவா?

கட்டுப்பாட்டுக் கருவிக்குள் நிர்வாகி நுழைவதற்குப் பல வாசல்கள் உள்ளன. முதலாவது, கருவியின் உடலிலேயே உள்ள கொன்சோல் துறை. கம்பியொன்றை நேரடியாகச் செருகிப் பயன்படுத்துவது இது. இரண்டாவது, தொலைவிலிருந்து கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் வழி. இதில் ரெல்நெட் என்பது பழையது; எஸ்.எஸ்.எச். என்பது புதியது. மூன்றாவது, இணைய உலாவியின் மூலம் திறக்கும் பக்கம். நான்காவது, கண்காணிப்பு மென்பொருட்கள் பயன்படுத்தும் எஸ்.என்.எம்.பி. என்ற முறை. வாசல்கள் பலவாக இருப்பதனால் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைக்கும் நிலை எளிதில் ஏற்பட்டுவிடுகின்றது. எனவே எந்த வாசல் தேவை, எந்த வாசல் தேவையில்லை என்று தீர்மானித்து, தேவையற்றதை மூடிவிடுவதே பாதுகாப்பின் முதற்படியாகும்.

ரெல்நெட் 1983 இல் தரப்படுத்தப்பட்டது. அதன் வழியே செல்லும் கடவுச்சொல் தபாலட்டையில் எழுதிய செய்தியைப் போன்றது. வழியில் நிற்பவர் எவரும் அதனை வாசிக்கலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இவ்வாறு கடவுச்சொற்கள் ஒட்டுக் கேட்கப்பட்டதைத் தொடர்ந்தே, அங்கு பணியாற்றிய டாட்டு யுலோனென் 1995 இல் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். அனைத்தையும் மறைகுறியாக்கி அனுப்புவதால் அது உறையிலிட்டு முத்திரை குத்திய கடிதத்துக்கு ஒப்பானது. எனவே ரெல்நெட்டை முற்றாக நிறுத்தி எஸ்.எஸ்.எச். ஐ மாத்திரம் வைத்திருக்க வேண்டும். அவ்வாறே இணையப் பக்கத்துக்கும் மறைகுறியாக்கப்பட்ட எச்.ரி.ரி.பி.எஸ். மாத்திரமே அனுமதிக்கப்படல் வேண்டும். கருவி தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழுக்குப் பதிலாக நிறுவனம் நம்பும் சான்றிதழொன்றை நிறுவினால், உலாவியின் எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமல் கடந்து செல்லும் தீய பழக்கமும் நிர்வாகிகளிடம் வளராது.

எஸ்.என்.எம்.பி. பற்றித் தனியாகக் குறிப்பிட வேண்டும். 1988 இல் தோன்றிய இதன் பழைய வடிவங்களில் கடவுச்சொல்லின் இடத்தில் ஒரு சாதாரண சொல்லே பயன்படுத்தப்பட்டது. வாசிப்பதற்கு 'பப்ளிக்', மாற்றியமைப்பதற்கு 'பிரைவேட்' என்பனவே பல கருவிகளில் ஆரம்பத்திலேயே எழுதப்பட்டு வந்த சொற்களாகும். சிஸ்கோவின் முன்னைய தலைமுறைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. இணையப் பக்கத்துக்கு மிகக் கடினமான கடவுச்சொல்லை இட்டுவிட்டு இவ்விரு சொற்களையும் மாற்றாமல் விடுவது, வாசலில் இரும்புக் கதவு போட்டுவிட்டு யன்னலைத் திறந்து வைப்பதற்குச் சமனானது. 2002 இல் முழுமையான தரநிலையாக ஏற்கப்பட்ட மூன்றாவது வடிவம் பயனாளர் பெயரையும் மறைகுறியாக்கத்தையும் கொண்டது. கண்காணிப்புத் தேவைப்படின் அந்த வடிவத்தையே பயன்படுத்த வேண்டும். தேவைப்படாவிடின் அந்த வாசலை மூடிவிடுவதே சாலச் சிறந்தது.

தொழிற்சாலையிலிருந்து வரும் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றாமல் விடுவதன் விளைவை உலகம் 2016 இல் கண்டது. மிராய் என்ற தீய மென்பொருள் சுமார் 60 ஆரம்பக் கடவுச்சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி அக்கருவிகளைக் கொண்டு டைன் நிறுவனம் தாக்கப்பட்டபோது, அமெரிக்காவில் ருவிற்றர், நெட்பிளிக்ஸ் போன்ற சேவைகளே பலருக்குக் கிடைக்காமற் போயின. இந்த அனுபவத்தின் பின்னரே கலிபோர்னியா மாநிலம் 2020 ஜனவரி முதலும், பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஆரம்பக் கடவுச்சொல்லை வைத்துப் பொருட்களை விற்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தின. ஆனால் சட்டம் இயற்றப்பட முன்னர் வாங்கப்பட்ட கருவிகள் இன்னமும் கூரைகளில் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை மறந்துவிடலாகாது.

அடுத்து, வாசல்கள் எந்த வீதியை நோக்கித் திறந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். விருந்தினர் கடவுச்சொல்லைப் பெற்று ஹோட்டல் வரவேற்பறையில் அமர்ந்திருக்கும் ஒருவரின் மடிக்கணினியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்க முடியுமாயின், அங்கே பாதுகாப்பு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. இதற்கு மூன்று ஏற்பாடுகள் உள்ளன. நிர்வாகப் பணிக்கெனத் தனியான வலையமைப்புப் பிரிவொன்றை ஒதுக்கி, கட்டுப்பாட்டுக் கருவியின் நிர்வாக முகவரியை அதனுள் வைத்தல் முதலாவது. குறிப்பிட்ட சில கணினிகளிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும் ஏற்று, ஏனையவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பும் அனுமதிப் பட்டியலை இடுதல் இரண்டாவது. வை-பை வழியாகவே கருவியை நிர்வகிக்க இடமளிக்கும் வசதியை நிறுத்தி வைத்தல் மூன்றாவது. நிர்வகிக்க வேண்டியவர் கம்பி வழியாகவோ, தொலைவிலிருந்து வருவதாயின் மறைகுறியாக்கப்பட்ட தனிப்பாதை வழியாகவோதான் வர வேண்டும். நிர்வாகப் பக்கத்தைப் பொது இணையத்திலிருந்து எவரும் தொடக்கூடியவாறு வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இது வெறும் புத்தக அறிவுரையன்று. 2022 ஏப்ரலில் சிஸ்கோ தனது கட்டுப்பாட்டு மென்பொருளின் இரு பதிப்புகளில், குறிப்பிட்டதோர் அமைப்பு இருக்கும்போது கடவுச்சொல் சரிபார்ப்பையே ஏமாற்றி நிர்வாகியாக நுழைய முடியும் என்று அறிவித்தது. 2023 ஒக்டோபர் 16 ஆம் திகதி ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஈ. மென்பொருளின் இணையப் பக்கத்தில் மற்றொரு குறைபாடு வெளியானது. கெட்டலிஸ்ட் 9800 கட்டுப்பாட்டுக் கருவிகளும் இதே மென்பொருளில்தான் இயங்குகின்றன. அதனைப் பயன்படுத்தி உச்ச அதிகாரமுள்ள புதிய கணக்குகளை உருவாக்கிய விஷமிகள், சில நாட்களுக்குள் உலகெங்கும் பல்லாயிரம் ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் தம்வசப்படுத்தினர். திருத்தம் வெளிவரும் வரை நிறுவனம் கூறிய வழி, பொது இணையத்தை நோக்கியுள்ள கருவிகளில் இணையப் பக்க வசதியையே நிறுத்துங்கள் என்பதாகும். 2025 மே மாதத்திலோ, கட்டுப்பாட்டுக் கருவிகளின் மென்பொருளுக்குள் மாற்ற முடியாதவாறு ஓர் இரகசிய அடையாளக் குறி எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. சாதாரணமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் வசதியொன்றை இயக்கி வைத்திருந்தோருக்கே அதனால் ஆபத்து. இம்மூன்றுக்கும் அபாயப் புள்ளி 10 க்கு 10 என வழங்கப்பட்டது.

இம்மூன்று நிகழ்வுகளிலும் கடவுச்சொல் எவ்வளவு கடினமானது என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. தேவையற்ற வசதிகளை நிறுத்தி, நிர்வாக வாசலை உட்புறத்தை நோக்கியே வைத்திருந்தோர், திருத்தத்தை நிறுவும் வரை மூச்சுவிட அவகாசம் பெற்றனர். ஏனையோருக்கு அந்த அவகாசமும் கிட்டவில்லை. உற்பத்தி நிறுவனத்தின் பாதுகாப்பு அறிவித்தல்களை ஒழுங்காக வாசிப்பதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும், ஆதரவுக் காலம் முடிந்த கருவிகளை மாற்றுவதும் செலவு மிக்கவைதாம். ஆயினும் அவை கருவியின் விலையில் ஒரு பகுதியென்றே கணக்கிடப்படல் வேண்டும்.

இதுவரை கூறியவை வெளியாரைத் தடுப்பதற்கானவை. பிரித்தானிய ரயில் நிலையச் சம்பவமோ உள்ளிருந்த சாவியால் நிகழ்ந்தது. அதனைத் தடுப்பதற்குச் சாவியைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை வேண்டும். பல நிறுவனங்களில் 'அட்மின்' என்ற ஒரே கணக்கையும் ஒரே கடவுச்சொல்லையும் ஐந்தாறு பேர் பயன்படுத்தி வருகின்றனர். தவறொன்று நிகழ்ந்தால் அதைச் செய்தது 'அட்மின்' என்று மட்டுமே பதிவேடு கூறும். அந்த ஐவரில் நால்வர் குற்றமற்றவர்களாயினும் ஐவருமே சந்தேகநபர்களாவர். ஆகவே ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனிக் கணக்கு வழங்கப்படல் வேண்டும். இது ஊழியரை நம்பாமையின் வெளிப்பாடு என்று எண்ணுவது தவறு. நேர்மையான ஊழியரைப் பழியிலிருந்து காப்பதும் இதுவே.

தனிக் கணக்குகளை ஒவ்வொரு கருவியிலும் எழுதி வைப்பதை விட, ரேடியஸ் அல்லது ரக்கக்ஸ் பிளஸ் முறையில் இயங்கும் மையச் சேவையகமொன்றில் வைத்திருப்பது நன்று. ஒருவர் பணியிலிருந்து விலகும் அன்றே ஓரிடத்தில் அவரது பெயரை நீக்கினால் எல்லா வாசல்களும் அவருக்கு மூடப்பட்டுவிடும். ரக்கக்ஸ் பிளஸ் முறையில் யார் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று வரையறுக்கவும், அவர் இட்ட ஒவ்வொரு கட்டளையையும் பதிவு செய்யவும் இயலும். ரேடியஸ் முறையில் நிர்வாகிகளை அனுமதிக்கும் நிறுவனங்கள் ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும். அம்முறை இன்னமும் தங்கியிருக்கும் எம்.டி.5 என்ற பழைய கணிப்பு முறையின் பலவீனத்தைக் கொண்டு, மறுப்பை அனுமதியாக மாற்ற முடியும் என்று 2024 ஜூலையில் ஆய்வாளர்கள் செய்து காட்டினர். எனவே அந்தத் தொடர்பும் தனியான நிர்வாகப் பிரிவுக்குள்ளேயே நிகழ வேண்டும். அதற்கென வெளியிடப்பட்ட திருத்தங்களும் நிறுவப்பட வேண்டும்.

அதிகாரத்தின் அளவும் பணிக்கேற்ப அமைய வேண்டும். நிலைமையை அவதானிப்பவருக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதுமானது. மாற்றியமைப்பவருக்கே எழுதும் உரிமை தேவை. வரவேற்பு மேசையில் இருப்பவர் விருந்தினருக்குத் தற்காலிகக் கணக்கொன்றை உருவாக்கிக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் எதையும் தொடத் தேவையில்லை. சிஸ்கோ கருவிகளில் இதற்கென்றே வரவேற்பாளர் தரத்திலான கணக்கு வகையொன்று உண்டு. இருந்தும், வேலை சுலபமாக முடியட்டும் என்று எல்லோருக்கும் முழு உரிமையைக் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகின்றது. விருந்தினர் காணும் வரவேற்புப் பக்கத்தை மாற்றும் உரிமை சிறியதொன்றாகத் தோன்றலாம். ஆனால் நிறுவனம் பொதுமக்களை நோக்கிப் பேசும் வாய் அதுவே. அத்தகைய மாற்றத்தை ஒருவர் எழுத, மற்றொருவர் பார்வையிட்டு அங்கீகரிக்கும் நடைமுறை இருப்பின், ஒருவரின் வன்மம் 19 நிலையங்களின் குரலாக மாறுவது அத்தனை எளிதாக இராது.

இதற்கு மறுபுறமும் உண்டு. சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று எண்ணிய நகரமொன்றின் கதை அது. 2008 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ மாநகர நிர்வாகத்தின் வலையமைப்புப் பொறியியலாளரான ரெரி சைல்ட்ஸ், மாநகரின் பிரதான வலையமைப்புக்கான கடவுச்சொற்களைத் தமது மேலதிகாரிகளிடம் ஒப்படைக்க மறுத்தார். அவர்கள் அவற்றைக் கையாளத் தகுதியற்றவர்கள் என்பது அவரது வாதமாக இருந்தது. அவர் கைதாகி ஒரு வாரத்துக்கும் மேல் கடந்த பின்னர், அப்போதைய மாநகர மேயர் கவின் நியூசம் சிறைக்கே நேரில் சென்று அவற்றைப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வளவு நாளும் வலையமைப்பு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கு உரிமையுடைய மாநகரத்தால் அதனைத் தொட முடியவில்லை. 2010 இல் நீதிமன்றம் சைல்ட்ஸுக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை அவருக்குரியது, ஆனால் ஒரே மனிதரைத் தவிர வேறெவரிடமும் சாவி இல்லாதவாறு காரியங்களை வளரவிட்ட பொறுப்பு நிர்வாகத்துக்குரியது.

ஆகவே எல்லோரிடமும் சாவி இருப்பதும் ஆபத்து. ஒருவரிடம் மட்டும் இருப்பதும் ஆபத்து. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றுண்டு. அன்றாடப் பணிகள் அனைத்தும் தனிப்பெயர்க் கணக்குகளின் மூலமே நடைபெற வேண்டும். அதேவேளை, மையச் சேவையகம் செயலிழக்கும் நாளில் பயன்படுத்துவதற்கென்று கருவியிலேயே அவசரகாலக் கணக்கொன்று இருக்க வேண்டும். அதன் நீண்ட கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் நிறுவனத் தலைவரின் இரும்புப் பெட்டியில் வைத்து, உறை திறக்கப்படும் ஒவ்வொரு வேளையும் யாரால், எதற்காகத் திறக்கப்பட்டது என்று எழுதி, பின்னர் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். வங்கிகளின் பெட்டகத்துக்கு இரு உத்தியோகத்தர் இரு சாவிகளுடன் செல்லும் பழைய வழக்கத்தின் கணினி வடிவமே இது.

பதிவேடு இல்லாத காவல் அரைக் காவலே. யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார், எதனை மாற்றினார் என்ற விபரங்கள் கருவியில் மட்டும் இருந்தால், நுழைந்தவரே அவற்றை அழித்துவிடலாம். எனவே அவை உடனுக்குடன் வேறொரு சேவையகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அச்சேவையகத்தின் நிர்வாகி வேறொருவராக இருத்தல் நலம். கருவிகள் அனைத்தினதும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டவும் வேண்டும். நேரம் பிழைத்த பதிவேடு விசாரணையின்போது சாட்சியாக நிற்காது. தவறான கடவுச்சொல் பலமுறை இடப்பட்டால் கணக்கைச் சிறிது நேரம் முடக்குதல், பயன்படுத்தாமல் விடப்பட்ட நிர்வாகப் பக்கத்தைச் சில நிமிடங்களில் தானாக மூடுதல், இயலுமான இடங்களில் கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றொன்றையும் கோருதல் ஆகியனவும் அவசியமானவை. கருவியின் அமைப்பு விபரங்களைப் பிரதியெடுத்து வைக்கும்போது அப்பிரதிக்குள் கடவுச்சொற்களும் அடங்கியிருக்கும் என்பதால், அதுவும் மறைகுறியாக்கப்பட்டே பேணப்பட வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் அவசர அவசரமாகச் செய்ய முனைவோர் தம்மையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வதும் உண்டு. அனுமதிப் பட்டியலை இடும்போது தமது கணினியின் முகவரியைச் சேர்க்க மறந்துவிட்டால் அடுத்த நொடியே தொடர்பு அறுந்துவிடும். மையச் சேவையகத்தை முதலிடத்தில் வைத்துவிட்டு அது பதிலளிக்கின்றதா என்று சோதிக்காவிடின் எவராலும் உள்ளே செல்ல முடியாது. எனவே கொன்சோல் கம்பி கைவசம் இருக்கும் வேளையில், தற்போதைய அமைப்பைப் பிரதியெடுத்துக்கொண்டு, ஒரு தடவையில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்ய வேண்டும். பழைய தொடர்பை மூடாமல் வைத்துக்கொண்டே புதிதாக ஒரு தொடர்பை ஏற்படுத்தி, அது சரியாக இயங்குவதை உறுதிப்படுத்திய பின்னரே மாற்றத்தை நிலையாகச் சேமிக்க வேண்டும். கொன்சோல் துறையைத் தொடக்கூடியவர் எவரும் கருவியை ஆரம்ப நிலைக்கே கொண்டு செல்லக்கூடும். ஆதலால் கருவி இருக்கும் அறையின் பூட்டும் இந்தப் பாதுகாப்பின் ஓர் அங்கமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

எமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிக் கணினியொன்றுக்குள் நுழைவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறரது தரவுகளைக் கையாள்வோர் அவற்றின் பாதுகாப்புக்குப் பொறுப்புக் கூற வேண்டும் என்ற கோட்பாட்டை எழுத்தில் வடித்துள்ளது. ஆனால் சட்டம் குற்றம் நிகழ்ந்த பின்னரே பேசும். யார் நுழைந்தார் என்பதையே காட்டாத பொதுக் கணக்கொன்றைப் பயன்படுத்தும் நிறுவனத்துக்குச் சட்டத்தின் துணை எவ்வளவு தூரம் பயன்படும் என்பது கேள்விக்குரியதே.

எமது வைத்தியசாலைகளையும் பாடசாலைகளையும் ஹோட்டல்களையும் வணக்கத்தலங்களையும் நிர்வகிப்போர் பொறியியலாளர்களாக இருக்கத் தேவையில்லை. அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. எமது வலையமைப்பின் நிர்வாக வாசல் எங்கெங்கே திறந்திருக்கின்றது? அதற்குள் நுழையக்கூடியவர்களின் பெயர்ப்பட்டியல் எங்கே? கருவிகளைப் பொருத்திக் கொடுத்துச் சென்ற ஒப்பந்தக்காரரின் கணக்கு இன்னமும் உயிரோடு இருக்கின்றதா? கடந்த ஆண்டு விலகிச் சென்ற உத்தியோகத்தரின் பெயர் நீக்கப்பட்டதா? அவசரகாலக் கடவுச்சொல் யாருடைய பெட்டகத்தில் உள்ளது? நேற்று யார் நுழைந்தார் என்று இன்று எவராலும் கூற முடியுமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்காவிடின், அந்த நிறுவனத்தின் தலைமைச் சாவி தொலைந்துவிட்டதென்றே கொள்ள வேண்டும்.

நல்ல மனிதர்களை நியமிப்பது அவசியம். ஆனால் மனிதர்களின் நற்குணத்தை மட்டும் நம்பி ஒரு நகரத்தினதோ ஒரு நிறுவனத்தினதோ குரலை ஒப்படைத்துவிட முடியாது. நல்லவர் தவறிழைக்காதவாறும், தீயவர் தனித்து இயங்க முடியாதவாறும், இருவரில் யார் எதைச் செய்தார் என்பது மறையாதவாறும் அமைந்த ஏற்பாடே உண்மையான பூட்டாகும். பிரித்தானியப் பயணிகள் கண்ட அந்தப் பக்கம் சில மணி நேரத்துக்குள் அகற்றப்பட்டது. இன ஐக்கியம் எளிதில் காயப்படக்கூடிய நாடுகளில் அத்தகைய சில மணி நேரமே ஈடுசெய்ய முடியாத இழப்புக்குப் போதுமானதாகிவிடும். வாசலைப் பூட்டுவதற்கு அதற்கு முந்திய நாளே உகந்த நாளாகும்.